ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள்? உயிரைத் தீர்மானிக்கும் கணக்கு - ஆய்வுகள் சொல்வது என்ன?

இரவு 2 மணி. அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் படுத்திருக்கும் வார்டு. "சிஸ்டர், ட்ரிப்ஸ் தீரப்போகுது" என்று ஒரு நோயாளியின் மகன் ஓடி வருகிறார். அந்தப் பக்கம் ஒருவருக்கு வாந்தி. புதிதாக ஒரு அட்மிஷன் வேறு வந்து நிற்கிறது. டூட்டியில் இருப்பது ஒரே ஒரு செவிலியர். இதற்கிடையே கடைசிக் கட்டிலில் இருப்பவர் கொஞ்சம் வேகமாக மூச்சு வாங்க ஆரம்பித்திருக்கிறார். அவர் யாரையும் கூப்பிடவில்லை. அதனால் யாரும் பார்க்கவும் இல்லை.

அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, ஒரு ராத்திரி தங்கியவர்களுக்கு இந்தக் காட்சி புதுசு இல்லை. அந்தக் கடைசிக் கட்டில்காரர் பிழைப்பாரா என்பது டாக்டரின் திறமையை மட்டும் பொறுத்ததா, இல்லை, அந்த ஒரு செவிலியர் எத்தனை பேரைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதையும் பொறுத்ததா? கடந்த 20 ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் முழுக்க செவிலியர் துறை ஆய்வாளர்கள் துரத்தி வரும் கேள்வி இதுதான்.

எல்லாம் ஆரம்பித்தது எங்கே?

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் லிண்டா ஐக்கென் தலைமையிலான குழு, 2002ல் ஜாமா மருத்துவ இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டது. பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகள், அறுவை சிகிச்சை செய்துகொண்ட 2,32,342 நோயாளிகள், 10,184 செவிலியர்கள் என்று பெரிய அளவில் நடந்த ஆய்வு அது.

முடிவு இதுதான்: ஒரு செவிலியரின் பொறுப்பில் கூடுதலாக ஒரு நோயாளி சேரும்போது, அந்த மருத்துவமனையில் சேர்ந்த 30 நாட்களுக்குள் ஒரு நோயாளி இறப்பதற்கான வாய்ப்பு 7% கூடுகிறது. செவிலியர்கள் வேலையில் நொந்து சோர்ந்துபோகும் வாய்ப்போ 23% கூடுகிறது.

7% என்றதும் 100 பேரில் 7 பேர் கூடுதலாக இறக்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. செய்திகளில் அடிக்கடி தப்பாகப் போகும் இடமே இதுதான். அந்த ஆய்வில் மொத்த இறப்பு சுமார் 2%. அதாவது ஆயிரம் பேருக்கு 20 பேர். ஒரு செவிலியருக்கு 4 நோயாளிகள் என்பது 8 ஆக உயர்ந்தால், 7%க்கு மேல் 7% என ஏறி வாய்ப்பு 31% கூடுகிறது. அப்படின்னா ஆயிரத்துக்கு 20 என்பது சுமார் 26 ஆகிறது. கேட்க சின்ன எண்ணாகத் தெரியலாம். ஆனால் ஒரு பெரிய மருத்துவமனையில் ஆண்டுக்கு எத்தனை ஆயிரம் அறுவை சிகிச்சைகள் நடக்கின்றன என்று யோசித்தால் இது சின்ன எண் இல்லை.

நர்ஸ் குறைந்தால் ஏன் உயிர் போகிறது?

ஊசி போடுவதும் மாத்திரை கொடுப்பதும்தான் நர்ஸ் வேலை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அதைவிடப் பெரிய வேலை, கவனிப்பது. ஒருவரின் நிலைமை திடீரென்று மோசமானது போலத் தெரிந்தாலும், பெரும்பாலும் அதற்குச் சில மணி நேரம் முன்பே உடல் சைகை காட்டிவிடும். மூச்சின் வேகம் கூடும், ரத்த அழுத்தம் இறங்கும், ஆள் லேசாகக் குழம்பிப் பேசுவார்.

இங்கிலாந்தில் இதற்கென்றே ஒரு மதிப்பெண் முறை 2012ல் அறிமுகமானது. மூச்சின் வேகம், ஆக்சிஜன் அளவு, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, நினைவு நிலை, உடல் வெப்பம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 5ஐத் தொட்டால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். 7 என்றால் அது அவசர நிலை. முறை எளிதானதுதான். ஆனால் அந்த எண்களை எடுக்க யாராவது கட்டிலுக்கு வர வேண்டுமே!

வேலை தலைக்கு மேல் போகும்போது செவிலியர்கள் எதை விடுகிறார்கள் என்பதையும் ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். டாக்டர் எழுதிய ஊசி பெரும்பாலும் விடுபடாது. விடுபடுவது நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது, நடக்க வைப்பது, உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசுவது, வீட்டுக்குப் போனதும் என்ன செய்ய வேண்டும் என்று விளக்குவது போன்றவை. கேஸ் ஷீட்டில் 'செய்யவில்லை' என்று எழுதப்படாத வேலைகள் இவை. படுக்கைப் புண்ணாகவோ, நுரையீரல் தொற்றாகவோ, பத்தாவது நாள் மறுபடி அட்மிஷனாகவோதான் இவை வெளியே தெரியும்.

நம் ஊரில் இந்த இடைவெளியை நிரப்புவது பெரும்பாலும் கூட இருக்கும் அட்டெண்டர். ட்ரிப்ஸ் பாட்டிலைப் பார்ப்பது, பாத்ரூம் அழைத்துப் போவது, சாப்பாடு ஊட்டுவது எல்லாம் வீட்டு ஆட்கள்தான். பாட்டில் தீர்ந்ததை அவர்களால் பார்க்க முடியும். நிமிடத்துக்கு 28 முறை மூச்சு வாங்குவது ஆபத்து என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

படிப்புக்கும் பங்கு இருக்கிறதா?

2014ல் லேன்செட் இதழில் வந்த ஆய்வு இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தது. 9 ஐரோப்பிய நாடுகள், 300 மருத்துவமனைகள், அறுவை சிகிச்சை செய்துகொண்ட 4,22,730 பேர். இங்கேயும் ஒரு நோயாளி கூடினால் இறப்பு வாய்ப்பு 7% கூடியது. நாடு மாறியும் அதே எண் வந்தது ஆச்சரியம்தான். கூடவே, பட்டப்படிப்பு முடித்த செவிலியர்களின் பங்கு 10% கூடும்போது இறப்பு வாய்ப்பு 7% குறைந்தது.

நர்ஸுக்குப் பதிலாக உதவியாளர்களைப் போட்டால் செலவு குறையுமே என்ற யோசனைக்கும் பதில் வந்தது. ஐரோப்பிய மருத்துவமனைகளை வைத்து அதே குழு பின்னர் செய்த ஆய்வில், 25 நோயாளிகளுக்கு ஒரு செவிலியரை எடுத்துவிட்டு உதவியாளரை வைத்தால் இறப்பு வாய்ப்பு 21% கூடும் என்று கணக்கு வந்தது. இது ஐரோப்பியக் கணக்கு, அப்படியே இங்கே பொருத்திவிட முடியாது. ஆனால் குறுகிய காலப் பயிற்சி முடித்தவர்களுக்கும் யூனிஃபார்ம் கொடுத்து நிறுத்தும் சின்ன மருத்துவமனைகள் உள்ள நம் ஊரில், இந்தக் கேள்வியைக் கேட்காமலும் இருக்க முடியாது.

"இதெல்லாம் தற்செயலா இருக்கலாமே?"

நியாயமான சந்தேகம். நர்ஸ் அதிகம் உள்ள மருத்துவமனையில் நல்ல டாக்டர்களும் நல்ல கருவிகளும் இருக்கலாம். அதனால்கூட உயிர்கள் பிழைத்திருக்கலாம். ஒரு நேரத்தில் எடுத்த படத்தை மட்டும் வைத்து, இதனால்தான் அது என்று அடித்துச் சொல்ல முடியாது.

அதனால்தான் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநில ஆய்வு முக்கியமானது. அங்கே 2016 ஜூலையில் 27 அரசு மருத்துவமனைகளில் பகலில் 4 நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், இரவில் 7 பேருக்கு ஒருவர் என்று சட்டம் வந்தது. இந்த 27 மருத்துவமனைகளையும், சட்டம் பொருந்தாத 28 மருத்துவமனைகளையும் ஆய்வாளர்கள் சட்டத்துக்கு முன்பும் பின்பும் ஒப்பிட்டார்கள். சட்டம் வந்த இடங்களில் இறப்பு வாய்ப்பு 11% குறைந்தது. மற்ற இடங்களில் அப்படிக் குறையவில்லை. 2021ல் லேன்செட்டில் வந்த இந்த ஆய்வில் நிர்வாகிகள் கவனிக்க வேண்டிய வரி வேறு: நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பியதாலும் மறுபடி அட்மிஷன் ஆவது குறைந்ததாலும் மிச்சமான பணம், கூடுதல் செவிலியர்களுக்கு ஆன செலவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

இருந்தும் எல்லா ஊரும் இதை ஏற்கவில்லை. கலிபோர்னியா 1999லேயே சட்டம் போட்டு 2004ல் அமலுக்குக் கொண்டுவந்தது. சாதாரண வார்டில் 5 பேருக்கு ஒருவர், ஐ.சி.யு.வில் 2 பேருக்கு ஒருவர் என்பது அங்கே விதி. ஆனால் மாசசூசெட்ஸில் 2018ல் இதே யோசனை மக்கள் வாக்கெடுப்புக்குப் போனபோது சுமார் 70% பேர் வேண்டாம் என்றார்கள். செலவு கூடும், சின்ன மருத்துவமனைகள் மூடப்படும் என்ற மருத்துவமனைகளின் பிரசாரம் அங்கே எடுபட்டது.

இங்கே நிலைமை என்ன?

பயிற்சி மருத்துவமனைகளில் 3 பேருக்கு ஒருவர், மற்ற மருத்துவமனைகளில் 5 பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். ஆனால் கலிபோர்னியா மாதிரி எல்லா மருத்துவமனைகளையும் கட்டுப்படுத்தும் தனிச் சட்டம் இங்கே இல்லை. தனியார் செவிலியர்களின் சம்பளம் பற்றி உச்ச நீதிமன்றம் 2016ல் உத்தரவிட்டு அமைக்கப்பட்ட குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. அதுவும் பரிந்துரைதான்.

தமிழ்நாட்டில் தேர்வு எழுதி 2015ல் அரசுப் பணிக்கு வந்த ஆயிரக்கணக்கான செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலை பார்த்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் உட்கார்ந்தது பலருக்கு நினைவிருக்கும். அதைச் சம்பளப் பிரச்னையாக மட்டும்தான் அப்போது எல்லோரும் பேசினோம்.

உலக அளவில் பார்த்தால், 2023ல் 58 லட்சம் செவிலியர்கள் பற்றாக்குறை என்கிறது உலக சுகாதார அமைப்பின் 2025 அறிக்கை. வளைகுடா நாடுகள், பிரிட்டன், அயர்லாந்து என்று நம் பக்கத்து செவிலியர்களைத் தேடி ஆள் எடுப்பது இதனால்தான்.

உங்கள் வீட்டில் ஒருவர் அறுவை சிகிச்சைக்குச் சேரப்போகிறார் என்றால், அறை வாடகையும் பேக்கேஜும் கேட்கும்போதே இன்னொன்றையும் கேட்கலாம்: "ராத்திரி இந்த வார்டுல எத்தனை சிஸ்டர் இருப்பாங்க? எத்தனை பேஷன்ட்டுக்கு?"