இரண்டு விநாடி ஒளியின் முகவரி

இரண்டே விநாடியில் மின்னி மறைந்த ஓர் ஒளி எங்கிருந்து, எதனால் வந்தது என்று கண்டறிய முடியுமா? 2017ஆம் ஆண்டில் விண்ணியல் ஆய்வாளர்கள் அதைச் செய்து காட்டினார்கள்.

காமாக் கதிர் வெடிப்புகள் முதலில் அகப்பட்டதே வேறொரு தேடலில்தான். இரகசிய அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க அமெரிக்கா ஏவிய வேலா செயற்கைக்கோள்கள் 1967இல் அவற்றைப் பதிவு செய்தன. செய்தி வெளியானதோ 1973இல். பிற்பாடு நூற்றுக்கணக்கான வெடிப்புகளை ஒப்புநோக்கியபோது, 2 விநாடிக்கு உட்பட்டவை தனி இனம் என்பது புலனாயிற்று. நியூட்ரான் விண்மீன்கள் இரண்டு மோதுவதே அவற்றின் காரணம் எனப் பலர் கருதினர். ஆனால் கருத்து வேறு, சான்று வேறு அல்லவா?

2008 முதல் புவியைச் சுற்றிவரும் ஃபெர்மி செயற்கைக்கோளில் இவ்வெடிப்புகளுக்கென 14 உணர்கருவிகள் உள்ளன. இவை படம் பிடிப்பதில்லை. தம்மீது கதிர் படும்போது எழும் ஒளிப்பொறிகளை எண்ணுகின்றன, அவ்வளவே. வெடிப்பு இல்லாத வேளையிலும் அந்த எண்ணிக்கை ஓய்வதில்லை. ஆகவே முன்னும் பின்னும் பதிவானவற்றைக் கொண்டு வழக்கமான அளவை மதிப்பிட்டுக் கழிப்பதே ஆய்வாளரின் முதல் வேலை. எஞ்சுவதே வெடிப்பு. அதனை நேராக நோக்கிய கருவி மிகுதியாகவும், சாய்வாக நோக்கியது குறைவாகவும் எண்ணியிருக்கும். இந்த ஏற்றத்தாழ்விலிருந்து திசை கிடைக்கிறது.

2017 ஆகஸ்ட் 17 அன்று எஞ்சியது மங்கலான ஓர் எழுச்சி: அரை விநாடி முகடு, அதன்பின் வலுக்குறைந்த வால். திசையோ ஆயிரக்கணக்கான முழுநிலவுகள் அடங்கும் பரப்பு. தனித்து வந்திருந்தால் பத்தோடு பதினொன்றாகவே போயிருக்கும்.

ஆனால் அதற்கு 1.7 விநாடி முன்னர்தான், ஒரு மோதலின் ஈர்ப்பலைகளை அமெரிக்காவின் லைகோ கருவிகள் உணர்ந்திருந்தன. அவற்றுள் ஒன்றில் சரியாக அந்நேரம் பார்த்து ஓர் இரைச்சல் குறுக்கிட்டது. அதை நீக்க வேண்டியதாயிற்று. இத்தாலியிலுள்ள விர்கோ கருவியிலோ குறிப்பிடும்படி எதுவும் பதிவாகவில்லை. என்னைப் பெரிதும் வியக்க வைத்தது இதுவே: அந்த மௌனமும் ஒரு சாட்சியாயிற்று! விர்கோவின் உணர்வு மங்கிய திசையில்தான் மோதல் நிகழ்ந்திருக்க வேண்டும் எனக் கணித்து, தேடும் பரப்பை 28 சதுர பாகையாகச் சுருக்கினர். ஐரோப்பாவின் இன்டெக்ரல் செயற்கைக்கோளின் பதிவில் அதே நொடியைத் தேடிப் பார்த்தபோது, அங்கும் எழுச்சி இருந்தது. சுமார் 11 மணி நேரத்தில் சிலி நாட்டின் ஸ்வோப் தொலைநோக்கி, என்.ஜி.சி. 4993 என்னும் விண்மீன் மண்டலத்தில் ஒரு புதிய ஒளிப்புள்ளியைக் கண்டது. தொலைவு ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டு. அத்தனை நெடும் பயணத்திற்குப் பின்னும் ஈர்ப்பலைக்கும் ஒளிக்கும் இடைவெளி 1.7 விநாடியே என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

இவ்வளவு அருகில் நிகழ்ந்தும் ஏன் மங்கலாயிற்று? பீறிட்ட கதிர்த்தாரை நம்மை நேராக நோக்கவில்லை; சாய்வாகவே கண்டோம். வானொலித் தொலைநோக்கிகளின் பிந்தைய அளவீடுகளும் இதனை உறுதி செய்தன. அப்படியானால் பழைய பதிவுகளிலும் இத்தகையவை மறைந்திருக்கலாம் அல்லவா? தேடினார்கள். 2015 ஜனவரி 1 அன்று பதிவான வெடிப்பொன்று இதனை மிகவும் ஒத்திருப்பதாக 2018இல் அறிவிக்கப்பட்டது.