எண்ணெய் வித்துப் பூஞ்சையும் லிபேஸ் நொதியும்

சரியாகக் காயாமல் மூட்டை கட்டிய நிலக்கடலையில் சில நாட்களிலேயே பூசணம் பிடித்துவிடும். எள், ஆமணக்கு, சூரியகாந்தி, கொப்பரை எதுவும் இதற்கு விலக்கல்ல. ஃபியூசேரியம், ஆல்டர்னேரியா போன்ற பூஞ்சைகள் வயலிலேயே விதையோடு ஒட்டிக்கொள்பவை. ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் இனங்களோ குறைந்த ஈரத்திலும் பிழைப்பவை. கிடங்கில் அவை வைத்ததுதான் சட்டம்.

விதையில் எந்தப் பூஞ்சை இருக்கிறது என்று அறிய ஆய்வகத்தில் எளிய வழி உண்டு. ஈரமான மையொற்றுத் தாள் விரித்த தட்டில் விதைகளை இடைவெளி விட்டு அடுக்கி, சுமார் ஒரு வாரம் மூடி வைப்பார்கள். மஞ்சள் கலந்த பச்சைப் பொடியாகப் படர்ந்தால் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ். கரித்தூள் போலக் கறுத்தால் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர். சாம்பல் நிற இழைகள் மூடியைத் தொடும் அளவுக்கு எழும்பி, நுனிகளில் கரும்புள்ளிகள் தெரிந்தால் ரைசோபஸ். உறுதி செய்ய நுண்ணோக்கி வேண்டும்.

விதையின் எண்ணெய் டிரைகிளிசரைடு என்னும் பெரிய மூலக்கூறுகளால் ஆனது. அவற்றைப் பூஞ்சை இழை அப்படியே உள்வாங்க முடியாது. அதனால் லிபேஸ் என்ற நொதியை வெளியே சுரந்து, எண்ணெயைக் கொழுப்பு அமிலங்களாகவும் கிளிசராலாகவும் உடைத்த பிறகே உறிஞ்சுகிறது. பூசணம் பிடித்த வித்திலிருந்து ஆட்டிய எண்ணெயில் அமிலத்தன்மை ஏறுவதும், காறல் வாடை அடிப்பதும் பெரும்பாலும் இதன் விளைவே. வியாபாரிக்கு நட்டம் தரும் இதே சுரப்புதான் நொதித் தொழிலுக்கு முதல். நொதி வெளியே வந்துவிடுவதால் செல்லை உடைத்து எடுக்கும் செலவு மிச்சம்.

நல்ல லிபேஸ் தரும் பூஞ்சையைத் தேர்ந்தெடுக்க, ஆலிவ் எண்ணெயும் ரோடமின் பி சாயமும் கலந்த அகார் தட்டில் அதை வளர்ப்பார்கள். புற ஊதா ஒளியில் காட்டினால், எண்ணெய் உடைந்த இடம் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். தேறிய பூஞ்சைக்குத் தீனியாகப் புண்ணாக்கே போதும்: அதில் புரதம் ஏராளம், மிஞ்சிய எண்ணெயோ லிபேஸ் சுரப்பையே தூண்டுகிறது. ஈரப்படுத்தி, நீராவியில் கிருமி நீக்கிய புண்ணாக்கில் பூஞ்சை வித்துகளைத் தூவி, ஏறத்தாழ 30 டிகிரி வெப்பத்தில் சில நாட்கள் விட்டால் நொதி ஊறிவிடும். பிறகு கரைத்து வடிக்க வேண்டியதுதான். இது திடநிலை நொதித்தல். பெரிய ஆலைகள் மிகுதியும் திரவத் தொட்டிகளையே நாடுகின்றன; புண்ணாக்குக்குள் உண்டாகும் சூட்டை வெளியேற்றுவது எளிதல்ல.

சலவைத்தூள், பாலாடைக்கட்டி, தோல் பதனிடுதல், பயோடீசல் என லிபேஸுக்கு வேலை பல. 1988-இல் டென்மார்க்கின் நோவோ நிறுவனம் ஒரு பூஞ்சையின் லிபேஸ் மரபணுவை ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசேயில் புகுத்தி, ‘லிபோலேஸ்’ என்ற சலவை நொதியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

ஒரைசேக்கு மிக நெருங்கிய உறவு ஃபிளேவஸ். அதுவும் லிபேஸ் சுரக்கும்; ஆனால் கல்லீரல் புற்றுநோய் உண்டாக்கும் அஃப்லாடாக்சினையும் பல ரகங்கள் சுரக்கும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் மடிந்ததற்குத் தீவனத்தில் கலந்த பிரேசில் நிலக்கடலைப் புண்ணாக்கிலிருந்த இந்த நஞ்சே காரணம். ஆகவே எவ்வளவு லிபேஸ் தந்தாலும், நஞ்சு இல்லை என்று நிரூபணமாகாத பூஞ்சைக்கு உணவுத் தொழிலில் இடமில்லை. வறுத்தாலும் பொரித்தாலும் அஃப்லாடாக்சின் முழுதாக அழியாது. சுருங்கி, நிறம் மாறி, பூசணம் பிடித்த கடலையைப் பொறுக்கி எறிந்துவிடுவதே சரி.