கையொப்பத்துக்கு ஒரு ஜன்னல்

சித்திரை மாதத்து நடுப்பகலில் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கு ஒருமுறை பிரயாணம் செய்தவர்களுக்குக் கரிசல் சீமையின் புழுதியைப்பற்றி நாம் வர்ணிக்க வேண்டியதில்லை. பெட்டியைப் பூட்டி வைத்தாலும் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும் புழுதி அது. அந்தப் புழுதியோடும் வெயிலோடும் ஒரு காகிதத் துண்டு நடத்திய யுத்தத்தைப்பற்றியே இங்கே சொல்லப்போகிறோம்.

திருச்சுழிக்குப் போகும் வழியில் அருப்புக்கோட்டையிலுள்ள நண்பர் ஒருவர் வீட்டில் இறங்கினேன். தறிச் சத்தம் ஓயாத தெரு. கூடத்துச் சுவரில் கண்ணாடி போட்ட ஒரு படம் தொங்கியது. படமென்று நினைத்துக் கிட்டப் போனால், அது ஒரு கையொப்பம்! நண்பருடைய பாட்டனார் 1934-ஆம் வருஷத்தில் காந்தியடிகளிடம் நேரில் வாங்கியது. அந்த நாளில் மகாத்மா தம் கையொப்பத்தைச் சும்மா கொடுப்பதில்லை. ஹரிஜன நிதிக்கு ஐந்து ரூபாய் வைத்தால்தான் பேனாவைத் திறப்பார். நெசவாளர் குடும்பத்துக்கு அப்போது ஐந்து ரூபாய் அற்பமான தொகையா, என்ன?

"அண்ணாச்சி, வர வர எழுத்து மங்கிக்கொண்டே போகிறது. என்ன செய்யலாம்?" என்று நண்பர் கேட்டார்.

சட்டத்தைக் கழற்றிப் பார்த்தோம். வயிறு பகீரென்றது. காகிதம் நேராகக் கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தது. ஓரெழுத்தின் மை கண்ணாடியில் பதிந்திருந்தது. பின்னாலிருந்த மலிவான அட்டை, காகிதத்தின் முதுகைத் தேநீர் நிறமாக்கியிருந்தது. நான்கு மூலையிலும் யாரோ பக்தி சிரத்தையுடன் ஒட்டிய செலோடேப் மஞ்சள் கறையாகி ஊறியிருந்தது. அன்பினால் செய்த காரியந்தான். ஆயினும் பகைவன்கூட இவ்வளவு கெடுதல் செய்திருக்கமாட்டான்.

இதற்குக் காரணம் எளியது. ஐப்பசி மழையில் ஈரக்காற்று கண்ணாடியின் உட்புறத்தில் வியர்க்கிறது. ஒட்டியிருக்கும் காகிதம் அதைக் குடிக்கிறது. மரக்கூழில் செய்த அட்டையிலிருந்து நாளாவட்டத்தில் அமிலம் கசிந்து காகிதத்தை அரிக்கிறது. வெயிலோ மையின் நிறத்தையே தின்றுவிடுகிறது. முதல் தீமைக்குப் பரிகாரம், கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவே ஜன்னல் வெட்டிய நல்ல அட்டை ஒன்றை வைப்பதே. சட்டம் போடும் கடைக்காரர்கள் அதை மவுண்ட் என்பார்கள். அழகுக்காக வைப்பதென்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது காகிதத்துக்கு மூச்சுவிட இடம் தருவது.

அதை வீட்டிலேயே வெட்டிக்கொள்ளலாம். முதலில் அட்டை. அமிலமில்லாத பருத்தி அட்டையாகக் கேட்டு வாங்கவேண்டும். கரிசல் மண்ணில் விளைந்து தறியில் துணியாகும் அதே பருத்திதான் இங்கே கையொப்பத்துக்குக் காவலாகிறது!

அடுத்தது அளவு. கையொப்பத் தாள் 6 அங்குல அகலம், 4 அங்குல உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் அட்டைக்குள் மறையும்படி ஜன்னல் 5½-க்கு 3½ இருக்கட்டும். மேலும் இரு பக்கங்களிலும் 2½ அங்குலம், அடியில் மட்டும் 3 அங்குலம் விடுங்கள். அடியில் சற்றுக் கூடினால்தான் கண்ணுக்குச் சமமாகத் தோன்றும். ஆக அட்டை 10½ அங்குல அகலம், 9 அங்குல உயரம்.

கோடுகளை அட்டையின் பின்புறத்தில் மெல்லிய பென்சிலால் போடவேண்டும். அடியில் ஒரு பழைய அட்டையைப் பரப்பி, இரும்பு அடிக்கோலை அழுத்திப் பிடித்து, புதுப் பிளேடு போட்ட கத்தியால் வெட்டுங்கள். கத்தியை 45 டிகிரி சாய்த்து, பிடி ஜன்னலின் நடுவைப் பார்க்கவும் முனை வெளிப்புறம் பார்க்கவும் பிடித்தால், முன்புறம் திருப்பும்போது வெள்ளைச் சரிவு ஒன்று அழகாகத் தெரியும். ஒரே மூச்சில் அறுக்க முயலாமல், அதே சாய்வில் இரண்டு மூன்று தடவை ஓட்டுவது உத்தமம். முதல் இரண்டு ஜன்னல்களும் கோணலாகத்தான் வரும். ஆகவே பழைய கல்யாணப் பத்திரிகைகளில் கை பழகிய பிறகு நல்ல அட்டையைத் தொடுங்கள்.

கையொப்பத் தாளின்மேல் ஒரு சொட்டுப் பசைகூடப் படலாகாது. நல்ல காகிதத்தில் நான்கு முக்கோண உறைகள் மடித்துப் பின் அட்டையில் ஒட்டி, தாளின் மூலைகளை அவற்றில் செருகினால் போதும். ஜன்னலின் ஓரம் அவற்றை மறைத்துவிடும். உறைகளை ஒட்டக் கோதுமை மாவுப் பசை சிறந்தது. ஆனால் பூச்சிக்குப் பயந்து அதில் மயில்துத்தம் கலக்காதீர்கள். அந்தச் செம்புச் சத்து காகிதத்தை நொறுங்கச் செய்யும். புழுதிக்குச் சட்டத்தின் முதுகைக் காகிதமொட்டி அடையுங்கள். வெயில் படாத சுவரில் மாட்டுங்கள்.

அன்று மாலை கையொப்பம் புது ஜன்னலுக்குள் அமர்ந்தது. செலோடேப் கறையை நாங்கள் சுரண்டவில்லை. அது கைதேர்ந்தவர்களின் வேலை. கண்ணாடியோடு போன மை போனதுதான். மீதி எழுத்துக்கள் மிஞ்சின.

மறுநாள் இருவருமாகத் திருச்சுழிக்குப் போனோம். பூமிநாதர் ஆலயத்தைத் தரிசித்து, ரமண மகரிஷி 1879-இல் பிறந்த வீட்டின் முன் நின்றோம். 1896-ஆம் வருஷம் ஆகஸ்டில், பதினாறு வயதில், மதுரையிலுள்ள வீட்டைவிட்டு அருணாசலத்துக்குப் புறப்பட்ட அந்தப் பிள்ளை, தம்மைத் தேடவேண்டாமென்று ஒரு சீட்டு எழுதிவைத்தார். 'நான்' என்று தொடங்கிய சீட்டு போகப் போக 'இது' என்று மாறியது. முடிவில் கையொப்பம் இருக்கவேண்டிய இடத்தில் பெயரே இல்லை. ஒரு கோடு மட்டுமே இருந்தது.

"கையெழுத்தே போடாத சீட்டைக்கூட எறிந்துவிடாமல் வைத்திருந்தார்களே!" என்றார் நண்பர்.

எறிந்துவிடாமல் இருந்ததனால்தானே அந்தக் கோட்டின் பொருளை இன்று நாம் அறிகிறோம்? பெரியோர் கை பட்ட காகிதம் உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கலாம். பெரியோர் என்றால் உங்கள் பாட்டியாகவும் இருக்கலாம். அடுத்த ஐப்பசி மழைக்குமுன் அந்தச் சட்டத்தை ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.