ஐம்பதாயிரம் பேர் நகர்த்திய காய்

தனியாக அமர்ந்தால் ஒரு கிராண்ட்மாஸ்டருக்கு எதிராக முப்பது நகர்வுகளைக்கூடத் தாக்குப்பிடிக்க இயலாத பல்லாயிரம் சதுரங்க ஆர்வலர்கள், இணையத்தின் வழியே ஓரணியாகக் கூடி, ஒவ்வொரு நகர்வையும் தங்களுக்குள் விவாதித்து வாக்களித்து ஆடினால் அவரை வெல்ல முடியுமா என்னும் வினாவுக்குக் கடந்த முப்பது ஆண்டுகளில் பலமுறை சோதனை நடந்திருக்கிறது. அச்சோதனைகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை போலத் தோன்றினாலும், கூர்ந்து நோக்கினால் பலருடைய அறிவு எந்த நிலையில் ஒன்றுசேர்ந்து வளர்கிறது, எந்த நிலையில் சிதறிப் போகிறது என்பதை அவை தெளிவாகவே காட்டுகின்றன.

கிராண்ட்மாஸ்டர் என்பது உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே வழங்கும் மிக உயர்ந்த பட்டம். அதைப் பெற விழைபவர் தம் தரப்புள்ளியை 2500-க்கு உயர்த்துவதோடு, வலிமையான போட்டிகளில் வரையறுக்கப்பட்ட ஆட்டத்திறனையும் மீண்டும் மீண்டும் மெய்ப்பித்தாக வேண்டும். தரப்புள்ளி என்பது ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய இயற்பியலாளர் அர்ப்பாட் எலோ வகுத்த கணக்கு. அதன்படி இருவருக்கிடையே 400 புள்ளி வேறுபாடு இருந்தால் வலுத்தவர் பதினொன்றில் பத்துப் பங்கை எடுத்துக்கொள்வார் என்றும், வேறுபாடு 800 ஆனால் எளியவருக்கு நூறு ஆட்டங்களில் ஏறத்தாழ ஒரு புள்ளிதான் கிட்டும் என்றும் எதிர்பார்க்கலாம். பள்ளியிலும் கழகத்திலும் ஆடுபவர்களில் பெரும்பாலோர் கிராண்ட்மாஸ்டரிடமிருந்து இந்த 800 புள்ளித் தொலைவிலோ அதற்கும் அப்பாலோ நிற்பவர்கள்.

இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரும் ஐந்து முறை உலக வாகையருமான சென்னையின் விசுவநாதன் ஆனந்த், 2024-இல் ஏறத்தாழ 70,000 பேர் கொண்ட இணைய அணியை எதிர்த்து ஆடி வென்றார். அடுத்த ஆண்டு நார்வேயின் மாக்னஸ் கார்ல்சன் 1,43,000-க்கும் மேற்பட்டோரை எதிர்த்து ஆடினார். ஏப்ரல் 4-இல் தொடங்கிய அந்த ஆட்டம், ஒரே நிலை மூன்று முறை பலகையில் தோன்றினால் ஆட்டம் சமன் என்னும் விதிப்படி மே மாதம் 19-இல் சமனில் முடிந்தது. ஆள் எண்ணிக்கை இரு மடங்கானதால் அணி வலுப்பெற்றது என்று இதிலிருந்து முடிவு கட்டுவது தவறாகும். எண்ணிக்கையைத் தனியாக வைத்துப் பார்த்தால் அது ஆபத்தாகவும் முடியக்கூடும் என்பதைக் கணிதம் இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது.

பிரெஞ்சுக் கணித அறிஞர் கொந்தோர்சே 1785-இல் வெளியிட்ட தேற்றம் அது. இரண்டு வழிகளுள் ஒன்று சரி, மற்றொன்று தவறு என்னும் நிலையில், பிறரைச் சாராமல் தாமே முடிவெடுக்கும் ஒவ்வொருவரும் சரியானதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 60 விழுக்காடு எனக் கொண்டால், அத்தகைய 101 பேரின் பெரும்பான்மை சரியாக இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 98 விழுக்காடாக உயர்கிறது. ஆனால் ஒவ்வொருவருக்கும் உள்ள வாய்ப்பு 40 விழுக்காடு மட்டுமே என்றால், அதே 101 பேரின் பெரும்பான்மை ஏறத்தாழ 98 விழுக்காடு உறுதியுடன் தவறும். எளிய நகர்வுகளில் ஆர்வலர்கள் முதல் வகையைச் சேர்ந்தவர்கள்; கிராண்ட்மாஸ்டர் வேண்டுமென்றே உருவாக்கும் சிக்கலான நிலைகளில் அவர்கள் இரண்டாம் வகைக்குத் தள்ளப்படுகிறார்கள், கூட்டம் பெருகப் பெருகப் பிழையும் உறுதிப்படுகிறது. இதனுடன் இன்னொரு குறையும் சேர்கிறது. சதுரங்கத்தில் ஒரு திட்டம் ஐந்தாறு நகர்வுகளுக்கு நீள்வது. இன்று தாக்குதலை விரும்பும் பெரும்பான்மையும் நாளை தற்காப்பை விரும்பும் வேறொரு பெரும்பான்மையும் மாறி மாறி முடிவெடுத்தால், தனித்தனியே பார்க்கும்போது குற்றமற்ற நகர்வுகள் சேர்ந்து பொருளற்ற ஆட்டமாகிவிடும். 1996-இல் கிராண்ட்மாஸ்டர் அனத்தோலி கார்போவ் இணைய வாக்காளர்களை எதிர்த்து ஆடிய ஆட்டத்தில் அணியினர் கலந்து பேசுவதற்கு நேரமோ இடமோ இருக்கவில்லை. கார்போவ் 32 நகர்வுகளில் எளிதாக வென்றார்.

மூன்று ஆண்டுகள் கழித்து நடந்த ஆட்டமே இத்துறையில் இன்றும் ஆராயப்படும் சான்றாக விளங்குகிறது. 1999 ஜூன் 21-இல், அப்போது உலகின் முதல்நிலை வீரராக இருந்த காரி காஸ்பரோவ் வெள்ளைக் காய்களுடன் தொடங்க, 75-க்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த 50,000-க்கும் அதிகமானோர் கறுப்புக் காய்களை நடத்தினர். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஏற்பாடு செய்த அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு நாள் அவகாசம் தரப்பட்டதால் ஆட்டம் நான்கு மாதங்கள் நீண்டது. இந்த நீளமே கார்போவ் ஆட்டத்தில் இல்லாத ஒன்றுக்கு, அதாவது ஒருவர் கண்டதை மற்றவர் சோதித்துப் பார்ப்பதற்கு, வாய்ப்பளித்தது. அணிக்கு வழிகாட்ட எத்தியென் பாக்ரோ, புளோரின் ஃபெலேகான், இரினா கிரஷ், எலிசபெத் பேட்ஸ் என்னும் நான்கு இளைஞர்கள் அமர்த்தப்பட்டனர். நால்வரும் அன்று இருபது வயதைத் தாண்டாதவர்கள், காஸ்பரோவோடு ஒப்பிட்டால் வலுக்குறைந்தவர்கள்.

சிசிலியன் தற்காப்பு எனப்படும் தொடக்கத்தில் நடந்த அந்த ஆட்டத்தின் பத்தாம் நகர்வில், பதினைந்து வயதுப் பெண்ணான கிரஷ் அதுவரை பழக்கத்தில் இல்லாத ஒரு நகர்வைப் பரிந்துரைத்தார். ராணியை இ6 கட்டத்தில் நிறுத்தி, வெள்ளையின் இரண்டு சிப்பாய்களை ஒரே நேரத்தில் தாக்கும் அந்த நகர்வை ஏற்றதன் விளைவாக, கறுப்பு மூலையிலிருந்த ஒரு யானையை இழந்து, அதற்கு ஈடாக ஒரு குதிரையையும் இரு சிப்பாய்களையும் பெற்றது. இத்தகைய சமனற்ற பரிமாற்றத்தில் யாருக்கு மேலாண்மை என்பதைப் பாடநூல் விதிகளால் கூற முடியாது; கட்டம் கட்டமாகக் கணக்கிட்டே அறிய வேண்டும். அந்த ஒரு நகர்வால் காஸ்பரோவின் நினைவில் இருந்த ஆயத்தங்கள் பயனற்றுப் போயின, இரு தரப்பும் முன்னோடி இல்லாத நிலத்தில் சமமாக நின்றன.

அணியின் வலிமைக்குக் காரணம் அந்த நகர்வைவிட, அதற்குப் பிறகு கிரஷ் மேற்கொண்ட உழைப்பே எனலாம். அவரும் அவருடன் பணியாற்றியோரும் ஒவ்வொரு நிலையிலிருந்தும் எழக்கூடிய தொடர்ச்சிகளை, ஒரு நகர்வுக்கு எதிராளியின் விடைகள், அவ்விடைகள் ஒவ்வொன்றுக்கும் தங்கள் விடைகள் என்று கிளைகிளையாகப் பிரித்து எழுதி எல்லோரும் காண வெளியிட்டனர். உலகின் பல மூலைகளிலிருந்து வந்த திருத்தங்களை அதே பட்டியலில் சேர்த்தனர். யானை இறுதியாட்டங்களை மட்டும் நுணுகிக் கற்ற ஒருவர் முழு ஆட்டத்தில் சாதாரணமானவராக இருக்கலாம். ஆயினும் ஆட்டம் அந்தக் கிளைக்குள் நுழையும்போது, அந்த ஒரு மணி நேரத்திற்கு, அணியிலேயே அறிவு மிக்கவர் அவர்தான். கிளைப்பட்டியல் இல்லாவிட்டால் அவருடைய குரல் ஐம்பதாயிரம் வாக்குகளுள் ஒரு வாக்காகக் கரைந்திருக்கும். பட்டியல் இருந்ததால் அவர் கண்ட ஒரு வரி, மற்றவர்கள் சரிபார்த்த பிறகு, ஐம்பதாயிரம் பேரின் வாக்கையும் திசைதிருப்பியது. பத்தாம் நகர்விலிருந்து ஐம்பதாம் நகர்வு வரை பெரும்பான்மையினர் ஏறத்தாழ எல்லா முறையும் கிரஷின் பரிந்துரையையே ஏற்றனர். இதை ஒருவர் சொல்லைப் பலர் பின்பற்றியதாகக் கருதுவது பொருந்தாது. பலர் கண்டதை ஒருவர் ஒழுங்குபடுத்தித் திருப்பித் தந்தார் என்பதே உண்மைக்கு நெருங்கியது.

ஆட்டம் இருபுறமும் ராஜா, ராணி, ஓரிரு சிப்பாய்கள் என்று ஏழு காய்களாகச் சுருங்கியபோது இந்தக் கட்டமைப்பு தளர்ந்தது. ஏழு காய்கள் வரையிலான நிலைகளுக்குச் சரியான விடையைக் கூறும் கணினி அட்டவணை மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் 2012-இல்தான் முழுமை பெற்றது. 1999-இல் பொதுவாகக் கிடைத்தவை ஐந்து காய்கள் வரையிலானவை. 51-ஆம் நகர்வில் கிரஷ் பரிந்துரைத்ததைப் பெரும்பான்மை ஏற்கவில்லை. 58-ஆம் நகர்வில் அவருடைய பரிந்துரை உரிய நேரத்தில் வாக்காளர்களின் பார்வைக்கு வரவில்லை. சினமுற்றவர்கள் சிலர் வேண்டுமென்றே ராணியைப் பறிகொடுக்கும் நகர்வுக்கு வாக்குகளைக் குவிக்க, நடத்துநர்கள் அவ்வாக்குகளை ஒதுக்க வேண்டியதாயிற்று. அக்டோபர் 22-இல், 62 நகர்வுகளுக்குப் பின், காஸ்பரோவ் வென்றார். வேறெந்த ஆட்டத்திற்கும் செலவிடாத உழைப்பை இந்த ஓர் ஆட்டத்திற்குச் செலவிட்டதாக அவரே கூறியதும், டேனியல் கிங் என்பவருடன் சேர்ந்து இதைப் பற்றித் தனி நூல் எழுதியதும், தோற்ற அணிக்குக் கிடைத்த பெரும் சான்றிதழ்கள்.

வெற்றியும் வெகுதூரத்தில் இருக்கவில்லை. 2006-07-இல் இணையத்தில் கூடிய ஓர் ஆர்வலர் அணி, அஞ்சல்வழிச் சதுரங்கத்தில் கிராண்ட்மாஸ்டரான ஜெர்மனியின் ஆர்னோ நிக்கலைத் தோற்கடித்தது. அதற்கு முன்னர் ஹைட்ரா என்னும் வலிமைமிக்க கணினியை வீழ்த்தியவர் அவர் என்பதால் அவ்வெற்றி அற்பமானதன்று. அதே அணி அமெரிக்கக் கிராண்ட்மாஸ்டர் யூரி ஷுல்மனையும், அஞ்சல்வழி ஆட்டத்தின் முன்னாள் உலக வாகையரான நெதர்லாந்தின் கெர்ட் யான் திம்மர்மனையும் அடுத்தடுத்து வென்றது. இவ்வாட்டங்களில் கணினியின் துணை இருந்தது உண்மைதான். ஆனால் அத்துணை எதிராளிக்கும் இருந்தது. 2005-இல் மனிதரும் கணினியும் எந்த வகையிலும் கூட்டுச்சேரலாம் என்ற விதியுடன் நடந்த ஓர் இணையப் போட்டியில், கணினியுடன் வந்த கிராண்ட்மாஸ்டர்களைத் தாண்டி முதலிடம் பெற்றவர்கள், 1700 தரப்புள்ளியைக்கூட எட்டாத இரு அமெரிக்க ஆர்வலர்கள். மூன்று சாதாரணக் கணினிகளை எந்த நிலையில் எதை நம்புவது என்ற ஒழுங்குடன் அவர்கள் பயன்படுத்தியதைச் சுட்டிக்காட்டிய காஸ்பரோவ், வலுத்த மனிதரையும் வலுத்த இயந்திரத்தையும்விடச் சிறந்த செயல்முறையே வென்றது என்று எழுதினார்.

கிராண்ட்மாஸ்டரும் தனி மனிதர் அல்லர் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். 2010-இல் சோபியா நகரில் உலக வாகையர் பட்டத்துக்காக வெசலின் தொப்பலோவை எதிர்கொண்ட ஆனந்தின் பின்னால் பீட்டர் ஹைனே நீல்சன், ருஸ்தம் காசிம்ஜானோவ், ரதோஸ்வாவ் வொய்தாஷெக், சூர்ய சேகர் கங்குலி ஆகிய உதவியாளர்கள் இருந்தனர். காஸ்பரோவும் கார்ல்சனும் கிராம்னிக்கும்கூட அவருக்குத் துணைநின்றனர். மாதக்கணக்கில் அவர்கள் உருவாக்கியதும் ஒரு கிளைப்பட்டியலே.

இச்செய்முறை சதுரங்கப் பலகையோடு நின்றுவிடவில்லை. 2009-இல் பிரிட்டிஷ் கணித அறிஞர் திமோத்தி கவர்ஸ் அழைப்பு விடுக்க, பலர் இணையத்தில் கூடி ஒரு கடினமான சேர்மானத் தேற்றத்திற்குச் சில வாரங்களில் புதிய நிறுவலைக் கண்டனர். இந்தியாவில் அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழு 2008-இல் தொடங்கிய திறந்தநிலை மருந்துக் கண்டுபிடிப்புத் திட்டத்தில், காசநோய்க் கிருமியின் ஏறத்தாழ 4,000 மரபணுக்கள் பற்றிய செய்திகளைத் தொகுக்கும் பணியில் கல்லூரி மாணவர்கள் பெருமளவில் பங்கேற்றனர்.

இம்முறையை அன்றாடம் கையாளும் மக்கள் சென்னைக்கு மேற்கே, இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம்–வடகால், ஒரகடம் வரை பரந்துள்ள தொழில்வழியில் பெருந்தொகையாக வாழ்கின்றனர் என்பது இவ்விடத்தில் கருதத்தக்கது. 1998-இல் ஹூண்டாய், 2010-இல் ரெனோ–நிசான், 2012-இல் டைம்லர், 2013-இல் ராயல் என்ஃபீல்டு என்று உற்பத்தி தொடங்கிய இந்நிலப்பகுதியின் தொழிற்பண்பாட்டில் குவாலிட்டி சர்க்கிள் எனப்படும் தர வட்டம் அறிமுகமான சொல். ஒரே லைனில் வேலை செய்யும் ஆறேழு பேர் கூடி, ஒரு பழுதுக்கு இயந்திரம், பொருள், முறை, ஆள் என எங்கெல்லாம் காரணம் இருக்கலாம் என்று கிளை பிரித்து எழுதி, ஒவ்வொரு கிளையையும் சோதித்து நீக்கும் அவ்வழக்கம், 1962-இல் ஜப்பானில் கவோரு இஷிகாவாவின் முயற்சியால் பரவி, 1980-இல் ஐதராபாத்தின் பெல் தொழிற்சாலை வழியே இந்தியாவுக்கு வந்தது. மீன்முள் வரைபடம் என்று தொழிலாளர்கள் அழைக்கும் அந்தக் காரணப் படத்திற்கும் கிரஷ் வெளியிட்ட பட்டியலுக்கும் அமைப்பில் பெரிய வேறுபாடில்லை. இரண்டிலும் பதவியைவிட, எழுதிவைத்துச் சரிபார்க்கத்தக்க காரணத்துக்கே மதிப்பு. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் கண்ட குறையைப் பொறியாளரும் ஏற்றாக வேண்டும்.

இத்தொழில்வழியிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத மாமல்லபுரத்தில் 2022-இல் 44-ஆம் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது; நாட்டிலேயே மிகுதியான கிராண்ட்மாஸ்டர்களைக் கொண்ட மாநிலமும் தமிழ்நாடுதான். அவர்களுள் ஒருவரை எதிர்த்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிலாளர்கள் ஓரணியாக ஆடும் ஆட்டம் ஒன்றைத் தமிழ்நாடு மாநிலச் சதுரங்கக் கழகமும் தொழிற்சாலைகளும் சேர்ந்து நடத்தலாம். ஒரு நகர்வுக்கு ஒரு நாள் என்ற விதி மூன்று ஷிப்ட்களுக்கும் பொருந்தும்: காலை ஷிப்ட் முடித்தவர் எழுதிய கிளையை இரவு ஷிப்ட்டுக்குப் போகிறவர் சோதிக்கலாம். விடுதிகளில் தங்கி மின்னணுத் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் பெண்களும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து பணியாற்றுவோரும் மொழித்தடையின்றிப் பங்கேற்க அறுபத்து நான்கு கட்டங்களின் குறியீடு போதும். கணினியை இரு தரப்புக்கும் விலக்க வேண்டும். கிளைப்பட்டியலைப் பேண ஐந்தாறு பேரை முன்கூட்டியே அமர்த்த வேண்டும். வாக்கெடுப்புக்கு முன் விவாதத்திற்குக் குறைந்தது பன்னிரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். முடிவு எதுவாயினும், அப்பட்டியலைத் தமிழில் முழுமையாக அச்சிட்டு இவ்வட்டாரப் பள்ளி நூலகங்களுக்கு வழங்கவும் நடத்துநர்கள் முன்வர வேண்டும்.