பில் கம்ப்யூட்டரின் நாட்குறிப்பு யார் கையில்?

இன்று சிறிய மளிகைக் கடையிலும் பில் போடுவது கம்ப்யூட்டர்தான். நம் கண்ணுக்குத் தெரிவது பில் மட்டுமே. உள்ளே அது ஒரு நாட்குறிப்பும் எழுதி வருகிறது. யார் பெயரில் திறந்தார்கள், எத்தனை மணிக்கு எந்த பில்லைத் திருத்தினார்கள் என்பதெல்லாம் அதில் ஏறும். இதை 'லாக்' என்பார்கள். பல கிளைகள் கொண்ட நிறுவனங்கள் இக்குறிப்புகளை நெட்வொர்க் வழியாக ஒரே இடத்தில் சேகரிக்கின்றன. கிளைக் கம்ப்யூட்டர் பழுதானாலும், யாராவது அழித்தாலும், மையத்தில் நகல் இருக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த நகல் யார் கையில் என்பதையும் வியாபாரி கவனிக்க வேண்டும்.

பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். அங்கே கிளை அஞ்சலகங்கள் பலவற்றை நடத்துவோர் நம்மைப் போன்ற கடைக்காரர்களே. 1999 முதல் அவர்களுடைய கவுன்டர்களில் ஃபுஜிட்சு நிறுவனத்தின் 'ஹொரைசன்' கம்ப்யூட்டர் முறை வந்தது. ஒவ்வொரு வரவு செலவும் தொலைபேசி இணைப்பு வழியாக மையத்துக்குப் போய்ப் பதிவாயிற்று. கணக்கில் பணம் குறைவதாகக் கம்ப்யூட்டர் காட்டினால், பழி கடைக்காரர் மேல் விழுந்தது. 2015 வரை 900-க்கும் அதிகமானோர் தண்டிக்கப்பட்டனர். சிலர் சிறைக்கும் போனார்கள்.

உண்மையைக் காட்டக்கூடிய முழுப் பதிவு மையத்தில் இருந்தது. அதைக் கடைக்காரர் தாமாக எடுத்துப் பார்க்க வழியில்லை. அஞ்சல் நிறுவனம்தான் ஃபுஜிட்சுவிடம் கேட்டுப் பெற வேண்டும். பல வழக்குகளில் அது கேட்டுப் பெறப்படவே இல்லை.

ஆலன் பேட்ஸ் என்பவர் முன்னின்று, 555 பேர் சேர்ந்து வழக்குத் தொடுத்தனர். 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மென்பொருளில் பிழைகள் இருந்தன. ஃபுஜிட்சு ஊழியர்கள் கடைக்காரருக்குத் தெரியாமலே தொலைவிலிருந்து கணக்கில் பதிவு சேர்க்கவும் முடிந்தது என்று அது கூறியது. 2021 ஏப்ரலில் 39 பேரின் தண்டனை ரத்தாயிற்று. 2024-ல் தனிச் சட்டமே இயற்றி, மேலும் நூற்றுக்கணக்கானோரின் தண்டனையை ரத்து செய்தார்கள்.

நமது நாட்டில் 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் திருத்தங்களின் பதிவு கட்டாயம். தனிநபர் கடைகளுக்கு அந்த விதி இல்லை. எனினும் நம் உறுப்பினர்கள் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிப்பது நல்லது.

1. ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனி பாஸ்வேர்டு கொடுங்கள். ஒரே பெயரில் நால்வர் பில் போட்டால் லாக் இருந்தும் பயனில்லை.

2. கம்ப்யூட்டரின் தேதியும் நேரமும் சரியாக இருக்கட்டும்.

3. தினமும் கடை அடைக்கும் முன் கணக்கை அச்செடுத்து, கல்லாப் பணத்தோடு சரிபார்த்துக் கையெழுத்திட்டு வையுங்கள்.

4. மென்பொருள்காரர் வெளியிலிருந்து இணைந்து சரிசெய்தால், தேதி, நேரம், ஆள், வேலை நான்கையும் நோட்டில் எழுதுங்கள்.

5. கேட்டபோது லாக் நகல் தரவேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

நம் கணக்குக்கு நாமே சாட்சி வைத்துக்கொள்வது வியாபாரத்துக்குப் பாதுகாப்பு.