வெண்கலத்தில் விழித்த விலங்குகள்

1976-ஆம் ஆண்டு, சீனாவின் ஹெனான் மாகாணத்தில் ஆன்யாங் நகருக்கு அருகே, தொல்லியலாளர் செங் சென்ஷியாங்கின் குழு ஒரு கல்லறையைத் தோண்டியது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கொள்ளையர் கைபடாத இடம். உள்ளே 460-க்கும் மேற்பட்ட வெண்கலப் பொருட்கள். மொத்த எடை சுமார் 1.6 டன். பல கலங்களில் ஃபூ ஹாவ் என்ற பெயர் இருந்தது. ஷாங் வம்ச அரசர் வூ திங்கின் தேவியரில் ஒருவர் அவர். படை நடத்திச் சென்ற பெண் என்று அக்காலத்தில் குறி பார்க்கப் பயன்பட்ட எலும்புகளின் எழுத்துகள் சொல்கின்றன.

கல்லறையில் கிடைத்த வெண்கலப் பொருட்களுள் ஆந்தை வடிவ மதுக்கலங்கள் இரண்டு, உயரம் சுமார் 46 செ.மீ. இரு கால்களும் வாலுமே கலத்தைத் தாங்கும் முக்காலி. சிறகுகளில் பாம்புகள் சுருண்டு கிடக்கின்றன. மூதாதையருக்கு மதுவும் உணவும் படைக்கவே இத்தகைய கலங்கள் வார்க்கப்பட்டன.

ஷாங் கலங்களில் திரும்பத் திரும்ப வருவது ஒரு முகம். புடைத்த கண்கள், வளைந்த கொம்புகள், நடுவே மூக்குத் தண்டு. கீழ்த்தாடை மட்டும் பெரும்பாலும் இருக்காது. 'தாவோத்தியே' என்று அதை அழைக்கிறார்கள். பாதியைக் கையால் மறைத்தால், மீதிப் பாதி பக்கவாட்டில் நிற்கும் தனி விலங்காகிவிடும்!

இந்தச் சமச்சீருக்கு வார்ப்பு முறையும் துணை நின்றது. முதலில் களிமண்ணில் மாதிரி செய்வார்கள். அதன்மேல் ஈரக் களிமண்ணை அப்பி, துண்டு துண்டாக வெட்டியெடுத்துச் சுடுவார்கள். அத்துண்டுகளை உட்கருவைச் சுற்றி மீண்டும் பொருத்தி, இடைவெளியில் உருகிய வெண்கலத்தை ஊற்றுவார்கள். துண்டுகள் கூடும் கோடே பல கலங்களில் முகத்தின் நடுக்கோடு.

அந்த விலங்குகளின் பொருள் என்ன? மனிதருக்கும் முன்னோர் உலகுக்கும் இடையே தூது சென்றவை என்றார் தொல்லியலாளர் குவாங்-சி சாங். வடிவத்திலிருந்து வடிவம் பிறந்த அலங்காரமே, தனிப் பொருள் தேட வேண்டாம் என்றார் கலை வரலாற்றாசிரியர் மாக்ஸ் லோயர். இருப்பினும் உடல் முழுதும் சுருள்கோடுகளில் கரைந்துபோன கலங்களிலும் சிற்பி கண்களை விட்டுவைத்ததைப் பார்க்கும்போது, அவை வெறும் அழகுக்கு மட்டும் என்று ஒதுக்க மனம் வருவதில்லை.

கி.மு. 11-ஆம் நூற்றாண்டில் சௌ வம்சம் ஆட்சிக்கு வந்தபின் நிலைமை மெல்ல மாறியது. நீண்ட வால் பறவைகள் வந்தன; பிறகு அலைகளும் செதில் வரிகளும் இடம்பிடித்தன. கலங்களின் உட்புற எழுத்துகளோ பெருகின. தைப்பேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ள மாவ் கோங் முக்காலிக் கலத்தின் வெளிப்புறம் ஏறக்குறைய வெறுமை. உள்ளே சுமார் 500 எழுத்துகளில் அரசரின் ஆணை நிறைந்திருக்கிறது.