மேலே மூன்று, கீழே மூன்று

தமிழ் படித்த எனக்குக் கணக்கு தூரத்துச் சொந்தம். போன தவணைதான் அதைத் தேடிப்போக வைத்தது.

விளங்குவதற்காக எண்களை முழுமையாக்கித் தருகிறேன். தமிழ்ப் பாடத்தில் வலயத்தின் இடை 52. நியம விலகல் 12. என் வகுப்பின் 36 பிள்ளைகளது இடை 55. கூட்டத்தில் எனக்குப் பாராட்டு. பக்கத்து வகுப்பிலும் 36 பேர், இடை 49. அந்த டீச்சருக்கு எல்லார் முன்னாலும் ஏச்சு.

இங்கே வலயம் குடித்தொகை, வகுப்பு மாதிரி. 'வித்தியாசம் இல்லை, வந்தது தற்செயல்' என்பது சூனியக் கருதுகோள். நிரபராதி என்று வைத்துக்கொண்டே வழக்கை விசாரிப்பதுபோல, அதை ஏற்றுக்கொண்டுதான் சோதனை தொடங்கும்.

தனிப் பிள்ளையின் புள்ளி ஏறி இறங்குமளவுக்கு 36 பேரின் இடை ஆடாது. 12ஐ 36இன் வர்க்கமூலமான 6ஆல் வகுத்தால் 2. அதுவே நியம வழு. என்னுடைய 3 புள்ளி ஒன்றரை நியம வழுதான். 5 சதவீதப் பொருண்மை மட்டத்தில் 1.96ஐத் தாண்டினால்தான் கருதுகோளைத் தள்ளலாம். கண்ணை மூடிக்கொண்டு வலயத்தில் 36 பேரைப் பொறுக்கினாலும், நூற்றுக்குப் பதின்மூன்று தடவையளவில் இவ்வளவு விலகல் வரும்.

குடித்தொகையின் நியம விலகல் தெரியாமல் சிறு மாதிரி மட்டும் கையிலிருந்தால் அளவுகோல் மாறும். அதை 1908இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் தந்தவர் கொசெட்.

வித்தியாசமே இல்லையென்று இது நிரூபிக்காது; உண்டென்று சொல்ல ஆதாரம் போதாது, அவ்வளவுதான். பிள்ளைகள் குலுக்கலில் வகுப்புக்கு வந்தவர்களுமல்லர்.

ஆனால் மேலே மூன்றுக்கும் கீழே மூன்றுக்கும் தராசு ஒன்றுதான். அந்த ஏச்சு நியாயமில்லையென்றால், நான் வாங்கிக்கொண்ட பாராட்டும் நியாயமில்லை.